நெரிசலைத் தவிர்த்தேனா, தள்ளிவிட்டேனா?

 

தைப்பூசம் நெருங்கினா போதும், நம்ம குரூப்ல ஒரே கேள்விதான் சுத்தி சுத்தி வரும். "எத்தனை மணிக்குக் கிளம்பினா டிராஃபிக்ல மாட்டாம பழனி போய்ச் சேரலாம்?" நானும் இதுக்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கேன். 2025 தைப்பூசத்துக்கு நான் போட்ட பிளானைக்கூடப் பெருமையா எழுதிப் போட்டேன். நிறைய பேர் கைகூப்பின படம் போட்டீங்க. ஆனா அன்னைக்கு நான் சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதியை இன்னைக்குச் சொல்றேன். அதுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு, அதை என்னால இன்னும் இறக்கி வைக்க முடியலை.

என் பிளான்

அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த செவ்வாயும் பூசமும் சேர்ந்து வந்த நாள். 2021-லிருந்து தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையும் உண்டு. கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். திங்கட்கிழமை ஆபீஸ் முடிச்சு, ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது மலையடிவாரத்துல நிக்கணும். அதுதான் ஆசை.

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். பாதயாத்திரை அவங்களால முடியாது. பஸ்ல அத்தனை மணி நேரம் காலை மடக்கி உட்காரவும் முடியாது. அதனால கார். அம்மா, அக்கா, நண்பன், நான் என நாலு பேர். நானும் நண்பனும் மாத்தி மாத்தி ஓட்டுறதா ஏற்பாடு.

எங்க வீடு கூடுவாஞ்சேரி. சிட்டி டிராஃபிக் அங்கேயே கழிஞ்சுடும். முந்தின நாளே டீசல் நிரப்பியாச்சு, ஃபாஸ்டேக்ல பணம் போட்டாச்சு. சாப்பாட்டுக்கு நிறுத்தக் கூடாதுன்னு அம்மா தயிர்சாதமும் மாவடுவும் கட்டிட்டாங்க. எட்டரைக்குக் கிளம்பினா பத்தரை பதினொன்னுக்கு விழுப்புரம், ரெண்டு மணிக்குத் திருச்சி, நாலு மணிக்குள்ள திண்டுக்கல். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியா பழனி சுமார் 60 கிலோமீட்டர். எந்த ஊர்ல எத்தனை மணிக்கு இருக்கணும்னு போன்ல பட்டியல் போட்டு வெச்சிருந்தேன்.

திண்டுக்கல் வரைக்கும் பட்டியல் பிசகவே இல்லை. "எப்படி பிளானு?"ன்னு நண்பனைப் பார்த்துக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

நீலக்கோடு

திண்டுக்கல் தாண்டி கொஞ்ச தூரத்துல மேப் சிவப்பாச்சு. மெயின் ரோட்டுல வண்டிகள் நிக்குது. உடனே போன் ஒரு மாற்று வழி காட்டுச்சு. வலது பக்கம் திரும்பி ஒரு கிராமத்து ரோடு வழியா போனா 25 நிமிஷம் மிச்சம். யோசிக்கவே இல்லை, திருப்பிட்டேன்.

மணி நாலே கால் இருக்கும். பூசத்துக்கு முந்தின ராத்திரி, நிலா கிட்டத்தட்ட முழுசா மேற்கே இறங்கிக்கிட்டிருந்தது. ஒரு கார் போனா எதிர்ல பைக் வர இடம் இருக்கும், அவ்வளவுதான் ரோடு. ரெண்டு கிலோமீட்டர் போனதும் முன்னாடி பச்சை வேட்டி, மஞ்சள் சேலை, தோள்ல பை, பையில ஒளிரும் ஸ்டிக்கர். பாதயாத்திரை பக்தர்கள். பத்துப் பேர், இருபது பேர், அப்புறம் ரோடு முழுக்க.

வேகத்தைக் குறைச்சேன். ஆனா நிறுத்தலை. ஹாரன் அடிச்சேன். ஓரமா ஒதுங்கினாங்க, போனேன். மறுபடி ஹாரன், மறுபடி ஒதுங்கினாங்க. பின்னாடி கண்ணாடியில பார்த்தா எனக்குப் பின்னால ஏழெட்டு கார். எல்லாரும் அதே நீலக்கோட்டைப் பிடிச்சு வந்தவங்க. நான் நின்னா அவங்களும் நிக்கணும், அவங்களும் ஹாரன் அடிச்சாங்க.

அப்போதான் டக்குனு ஒரு சத்தம். இடது பக்கக் கண்ணாடி ஒருத்தரோட காவடியில மோதிருச்சு. காவடி சாய, அவரும் சாய்ஞ்சு ரோட்டோரச் சரளைக்கல்லுல முட்டி போட்டு விழுந்தார். காவடியைக் கீழே விடாம ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிருந்தார். அதனாலதான் கையை ஊன்ற முடியாம முட்டி அடிபட்டுச்சு. கொஞ்சம் அந்தப் பக்கம் நான் ஒடிச்சிருந்தா கண்ணாடியோட போயிருக்காது. இதை எழுதும்போதும் கை நடுங்குது.

இறங்கி ஓடினோம். எங்க அப்பா வயசு இருக்கும். முட்டியில தோல் வழண்டு ரத்தம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துலேருந்து அஞ்சு நாளா வெறுங்கால்ல நடந்து வர்றவங்க. கூட இருந்த பாட்டி, அவரோட அம்மா, என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. அலுத்துப்போன குரல்ல சொன்னாங்க: "ஏப்பா தம்பி, மெயின் ரோட்டுல ஒங்க காருகளுக்குப் பயந்துதானப்பா நாங்க இந்தப் பாதையில வந்தோம். இங்கயும் வந்துட்டீங்களே."

எனக்குப் பதில் வரலை. "விடு ஆத்தா, முருகன் பாத்துக்குவான். நீங்க போங்க தம்பி"ன்னு அவர்தான் பேச்சை முடிச்சார்.

அம்மா மெல்ல இறங்கி வந்து, தண்ணி ஊத்திக் காயத்தைக் கழுவி, பஞ்சு வெச்சுக் கட்டினாங்க. சாய்ஞ்ச மயில்பீலியைத் தன் தலையில போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழட்டிக் காவடியோட சேர்த்துக் கட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஓட்டினது போதும். இறங்கி முன்னாடி நட. வண்டி உன் பின்னாடி வரட்டும்"னாங்க.

திருப்பவும் இடமில்லை, பின்னாடி அத்தனை கார். நண்பன் ஸ்டியரிங் பிடிக்க, நான் போன் டார்ச்சோட முன்னாடி நடந்தேன். மறுபடியும் மெயின் ரோடு வர மூணு கிலோமீட்டருக்கு மேல. அந்த நடையில ஒண்ணு தெரிஞ்சுது. பின்னாடியிலிருந்து ஹெட்லைட் அடிச்சா வெளிச்சம் கிடைக்கும்னுதானே நினைப்போம்? இல்லை. நம்ம நிழலே நீளமா முன்னாடி விழுது. காலடியில கல்லு இருக்கா முள்ளு இருக்கான்னு தெரியாது. அதுவரைக்கும் நிலா வெளிச்சத்துல பார்த்து நடந்தவங்க கண்ணை நாங்கதான் இருட்டாக்கியிருக்கோம். நான் ஷூ போட்டிருந்தேன். அவங்க வெறுங்கால்.

25 நிமிஷம் மிச்சம் பண்ணப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆனா நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கை இல்லை.

நான் டிராஃபிக்ல மாட்டினேனா?

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்"னுதான் நாம எல்லாரும் சொல்றோம். டிராஃபிக் என்பது ஏதோ மழை மாதிரி வெளியே இருந்து வர்ற விஷயம், நாம அதுல நனையிறோம் என்கிற மாதிரி. இதைப் பத்தி ஜப்பான்ல செஞ்ச ஒரு சோதனை 2008-ல வெளியாச்சு. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில 22 கார்களை விட்டாங்க. சிக்னல் கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே யாரும் வரலை. எல்லாரும் ஒரே சீரா சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துல போகணும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல யாரோ ஒருத்தர் லேசா வேகம் குறைக்க, பின்னாடி இருந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலா குறைக்க, கடைசியில சில கார்கள் அப்படியே நின்னுபோச்சு. அந்த நெரிசல் ஒரு அலை மாதிரி பின்னோக்கி நகர்ந்துகிட்டே இருந்தது. தடையே இல்லாத இடத்துல நெரிசல்! அங்கே யாரும் நெரிசல்ல "மாட்டலை". அந்த 22 பேரும் சேர்ந்துதான் நெரிசல்.

அந்தக் கிராமத்து ரோட்டுல எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கு நான் யாரு? டிராஃபிக். அந்தப் பாட்டிக்கு நான் யாரு? அவங்க பயந்து ஓடிவந்த அதே டிராஃபிக்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குற விஷயமும் இல்லை. அமெரிக்காவுல நியூயார்க் போற ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்துல லியோனியான்னு ஒரு சின்ன ஊர், நியூ ஜெர்சி மாநிலம். பாலத்துல நெரிசல்னா வழிகாட்டும் ஆப்கள் வண்டிகளை அந்த ஊர்த் தெருக்களுக்குள்ள திருப்பி விட்டன. குடியிருக்கிறவங்க தங்க வீட்டு வாசல்லேருந்து வண்டியை எடுக்க முடியாத நிலைமை. 2018 ஜனவரியில அந்த ஊர் நிர்வாகம் சுமார் 60 தெருக்களைப் பரபரப்பான நேரங்கள்ல வெளியூர் வண்டிகளுக்கு மூடிட்டாங்க. ஆப்புக்கு அது ஒரு கோடு, வாழுறவங்களுக்கு அது வாசல்.

நண்பன் கேட்ட ரெண்டு கேள்வி

திரும்பி வரும்போது கார்ல இதைப் பத்தித்தான் பேச்சு. நண்பன் என்னைத் தேத்தத்தான் பார்த்தான். ஆனா அவன் கேட்டது ரெண்டுமே நல்ல கேள்வி.

முதல் கேள்வி: "ரோடு எல்லாருக்கும் பொது. நாமளும் வரி கட்டுறோம். அதுல போறது என்னடா தப்பு?"

போறது தப்பில்லை. ஆனா பொதுன்னா என்ன? எனக்கும் உரிமை உண்டு என்கிறது பாதி அர்த்தம். எனக்கு மட்டும் இல்லை என்கிறது மீதிப் பாதி. ஹாரன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் முதல் பாதியை மட்டும்தான் சத்தமா சொல்லிக்கிட்டிருந்தேன். கார்ல இருக்கிறவனுக்கும் நடக்கிறவனுக்கும் உரிமை சமமா இருக்கலாம். அடிபட்டா வலி சமமா இருக்காது. என் கண்ணாடியில ஒரு கீறல், அவர் முட்டியில ரத்தம்.

ரெண்டாவது கேள்வி: "நாம ஒரு கார் போகலைன்னா மட்டும் என்ன? பின்னாடி ஏழெட்டு கார் வரத்தானே செஞ்சுது?"

உண்மைதான். ஆனா அந்த ஏழெட்டுப் பேரும் இதையேதான் சொல்லுவாங்க. தப்பைப் பத்துப் பேர் பங்கு போட்டா ஆளுக்குப் பத்துல ஒரு பங்குன்னு நமக்குத் தோணுது. ஆனா அவர்மேல பட்டது பத்து கார் இல்லை. ஒரு கார், ஒரு கண்ணாடி, என் கண்ணாடி.

அப்போ பிளான் போடுறதே தப்பா?

இங்கேதான் நான் ரொம்ப நாள் குழம்பினேன். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் ஒரு சோதனை சொல்லியிருக்கார். எளிமையா சொன்னா, நீ செய்யப்போறதை எல்லாரும் ஒரு விதியா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு யோசி. இதை அப்படியே என் பிளானுக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் ராத்திரி எட்டரைக்குக் கிளம்பினா எட்டரைக்கு நெரிசல். அப்போ எட்டரைக்குக் கிளம்புறதும் தப்பா? மனசு ஒத்துக்கலை.

அப்புறம்தான் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டேன். எல்லாரும் செஞ்சா என் பிளான் பலிக்குமான்னு கேட்கிறதுக்குப் பதிலா, எல்லாரும் செஞ்சா யாருக்கு வலிக்கும்னு கேட்டேன். கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கிளம்பணும்னு எல்லாரும் நினைச்சா என்ன ஆகும்? ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு நாள்னு பிரிஞ்சு போவோம். ரோட்டுல எல்லாருக்கும் இடம் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாரும் கிராமத்து ரோட்டுக்குள்ள புகுந்தா என்ன ஆகும்? மெயின் ரோட்டு நெரிசல் அப்படியே அங்கே குடிவரும். தாங்குறது அந்தத் தெருவுல தூங்குறவங்களும் நடக்கிறவங்களும்.

ஆக, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு காரியம் இது. ஒண்ணு நெரிசலைத் தவிர்க்கிறது. இன்னொண்ணு நெரிசலைத் தள்ளிவிடுறது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இதுக்கான விலையை யார் கொடுக்கிறாங்க? என் தூக்கம், என் விடுமுறை, பூசத்தன்னைக்கே மலையில நின்னு போட்டோ போடணும் என்கிற என் ஆசை, இதுல ஏதாவது ஒண்ணை நான் விட்டுக்கொடுத்து நெரிசலைத் தவிர்த்தா அது நியாயமான பிளான். நான் எதையும் விடாம இன்னொருத்தர் ஒதுங்கி வழி விட்டா, அந்த 25 நிமிஷம் நான் மிச்சம் பண்ணது இல்லை, அவங்ககிட்டேருந்து எடுத்தது.

அவசரம்னு ஒண்ணு உண்டு, மறுக்கலை. பிரசவ வலி, நெஞ்சு வலின்னா எந்த ரோட்டுலயும் போகலாம், எல்லாரும் மனசார ஒதுங்குவாங்க. போலீஸ்காரங்களே அறிவிப்புப் பலகை வெச்சு மாத்தி விடுற வழியும் வேற. அங்கே வண்டி வரும்னு நடக்கிறவங்களுக்கும் தெரியும். நான் போனது ரெண்டுலயும் சேராது. எனக்கு இருந்தது அவசரம் இல்லை, பட்டியல்.

மாம்பழமும் சுருக்கு வழியும்

யோசிச்சுப் பார்த்தா பழனிக் கதையே ஒரு வழி தேடுற கதைதானே. உலகத்தைச் சுத்தி வந்தவங்களுக்குத்தான் பழம். நம்ம முருகன் மயிலேறி முழு உலகத்தையும் சுத்தினார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிட்டார். சின்ன வயசுல இதைக் கேட்கும்போதெல்லாம் பிள்ளையார் கண்டுபிடிச்சது சுருக்கு வழி, முருகன் போனது சுத்து வழின்னுதான் எனக்குத் தோணும்.

சுருக்கு வழியே பாவம்னு சொன்னா பிள்ளையார் கோவிச்சுக்குவார். அவர் யார் வழியையும் மறிக்கலை, யாரையும் ஒதுங்கச் சொல்லலை. உட்கார்ந்த இடத்துலேயே, எதைத் தேடிப் போறேன்னு தன்னைத்தானே கேட்டுக்கிட்டார். பதில் பக்கத்துலேயே இருந்தது. நான் அந்த ராத்திரி அப்படி ஒரு நிமிஷம் கேட்டிருந்தா? அம்மாவுக்கு முருகனைக் காட்டணும், அதுதானே நான் தேடிப்போனது. அதுக்கு விடியற்காலை தேவையில்லை. அன்னைக்குத்தான் போகணும்னு கூட இல்லை.

தைப்பூசத் திருவிழாவே பழனியில பத்து நாள். பெரியநாயகி அம்மன் கோயில்ல கொடியேறினதுலேருந்து தொடங்குது. எடப்பாடியிலிருந்து வர்ற காவடிக் கூட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. தைப்பூசம் முடிஞ்ச பிறகுதான் பழனி வந்து சேருவாங்க. மலை மேலேயே ராத்திரி தங்குற உரிமை அவங்களுக்கு உண்டு. கூட்டம் கரைஞ்ச பிறகு வர்றதால அவங்க பக்தி குறைஞ்சுபோச்சுன்னு யாராவது சொல்லுவோமா?

இந்த வருஷம் நான் சொல்ற பதில்

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"னு கேட்கிற தம்பி தங்கச்சிகளுக்கு இப்போ நான் சொல்றது இதுதான்.

முதல்ல நாளை மாத்த முடியுமா பாருங்க. பத்து நாள்ல ஏதாவது ஒரு நாள், இல்லைன்னா விழா முடிஞ்ச அடுத்த வாரம். நடக்க முடியாத பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு அதுதான் நிம்மதியான தரிசனமும் கூட.

ரயில்ல படுத்துக்கிட்டே போக முடிஞ்சா யோசிங்க. சென்னையிலிருந்து பழனி வழியா பாலக்காடு போற ராத்திரி வண்டி இருக்கு. பூச சமயத்துல டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், முன்கூட்டியே போடணும்.

பூசத்துக்குக் கார்லதான் போகணும்னா, பாதயாத்திரை பாதைக்குள்ள பகல்ல போற மாதிரி பிளான் போடுங்க. வெயில் ஏறினதும் நடக்கிறவங்க நிறைய பேர் மரத்தடியிலயும் அன்னதானப் பந்தல்லயும் ஓய்வெடுப்பாங்க. ராத்திரியும் விடியற்காலையும் அவங்களோட நேரம். அந்த நேரத்தை அவங்களுக்கு விட்டுருங்க.

மேப் சிவப்பா காட்டினா காட்டட்டும். மெயின் ரோட்டுலேயே நில்லுங்க. அரை மணி நேரம் போகும், ஒரு சஷ்டி கவசம் பாராயணம் பண்ணினா போச்சு. நடக்கிறவங்க பக்கத்துல போகும்போது ஹை பீம் வேண்டாம், ஹாரன் வேண்டாம்.

அன்னைக்கு மலையில என்ன ஆச்சுன்னு சொல்லலையே. வின்ச் வரிசையில அம்மாவோட நின்னு மேலே போய்ச் சேர மதியம் ஆச்சு. சன்னதி முன்னாடி நின்னப்போ எனக்கு எதுவும் கேட்கத் தோணலை. வெளியே வந்து அவரைத் தேடினேன், ஒரு தடவை கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்கணும்னு. இருட்டுல முகம் சரியா பார்க்கலை. சுத்திலும் பச்சையும் மஞ்சளுமா ஆயிரக்கணக்கான பேர். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின மயில்பீலி எந்தக் காவடியில இருக்குன்னு பார்த்துக்கிட்டே படி வரைக்கும் வந்தேன். கிடைக்கலை.

ஐயா, நீங்க இந்தப் பதிவைப் படிக்கப் போறதில்லை. படிக்கிற யாரோ ஒருத்தர் அந்த ரோட்டுல திரும்பாம நேரா போனா, உங்ககிட்ட நான் கேட்க முடியாம போன மன்னிப்புல கொஞ்சமாவது அதுல சேரட்டும்.

இந்த வருஷம் பழனி போறவங்க எல்லாரும் பத்திரமா போயிட்டு வாங்க. கார்ல போற நண்பர்களுக்கும் இதை அனுப்புங்க.

முருகா சரணம். அரோகரா!